ஆயுத பூஜைக்கு வந்த விமானம்

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தபோது, பெட்டிக்குள் ஒரு விமான எஞ்சினும் அதை இயக்கும் ரிமோட்டும் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் எஞ்சின். தைலம், சோப்பு வகையறாவும் இருந்தன, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் பெட்டியின் பாதி இடத்தை விமானம் செய்வதற்கான லேசான மரத்தகடுகள்தான் பிடித்திருந்தன.

என் மாமனாருக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். பெட்டியை எட்டிப் பார்த்தவர், "மூணு வருசம் கடல் தாண்டிப் போயி பொம்ம வாங்கியாந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கொடிக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் மகனிடம் சோறு, தண்ணி, கரண்டு இந்த மூன்றைப் பற்றி மட்டும்தான் பேசினார். மைத்துனன் தீபாவளிக்கு முன்பே சிங்கப்பூர் திரும்ப வேண்டும். அதற்குள் அப்பா கண்முன்னால் அந்த விமானம் பறக்க வேண்டும். அவனுக்கிருந்தது அந்த ஒரு ஆசைதான். அதை அவன் மறைக்கவும் இல்லை.

மாடியறையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து மர உடம்பையும் இறக்கையையும் அவனே ஒட்டி முடித்தான். எஞ்சினையும் சைலன்சரையும் பொருத்துவதற்கு மட்டும் என்னிடம் கொண்டுவந்தான். விமானத்தின் உடம்பை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தானாம். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கிறார்.

எனக்குச் சின்னமனூரில் ஸ்பிரேயர் ரிப்பேர் கடை. வீட்டின் முன்பக்கம்தான் கடை. மேலே ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்தும் கீழே திராட்சைத் தோட்டங்களிலிருந்தும் மருந்தடிக்கும் மெஷின்கள் வரும். எல்லாம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மெஷின் நின்று நின்று போகிறது என்று யார் தூக்கிக்கொண்டு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "பெட்ரோல் மூடியில இருக்குற ஓட்டையப் பாத்தீகளா?" என்பதுதான். டேங்குக்குள் காற்று போகாவிட்டால் எண்ணெய் இறங்காது. பத்தில் பாதி மெஷின் அந்த ஓட்டையைக் குத்திவிட்டாலே சரியாகிவிடும். எத்தனை தடவை சொன்னாலும் இவர்கள் பார்ப்பதில்லையே என்று எரிச்சலாக வரும்.

விமான வேலை சுலபமாக இல்லை. முதல் நாளே என் கட்டைவிரல் அந்த மரத்துக்குள் போய்விட்டது. இரும்பை முறுக்கிப் பழகிய கை, அப்பளக் கட்டைத் தூக்குவது போலத் தூக்க வேண்டியிருந்தது. மைத்துனன் பசை தடவி ஒட்டுப் போட்டான். முன்பலகையில் நான்கு துளை போட்டு எஞ்சினை மாட்டினோம். சைலன்சரை வைத்துப் பார்த்தால் அது விமானத்தின் கன்னத்தில் போய் முட்டியது. வரைபடம் இதைவிடச் சின்ன எஞ்சினுக்காம்.

"கன்னத்தக் கொஞ்சம் அறுத்துருவமா மாப்ள?"

"அங்கன கை வைக்காதீக மச்சான். ஆட்டத்துல ஒடஞ்சுரும்."

எனவே எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஒரு துண்டு கொடுத்து வெளியே தள்ள வேண்டியதாயிற்று. பழைய ஸ்பிரேயரின் உடைந்த அலுமினிய மூடியை அறுத்து, இரண்டு நாள் அரம் போட்டு அந்தத் துண்டைச் செய்தேன். இடையில் வைக்கும் கேஸ்கெட்டை வழக்கம்போலக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டினேன். முதல் ஓட்டத்திலேயே மணமக்கள் இருவரும் கருகிப்போனார்கள். பிறகு பவுடர் டப்பாத் தகட்டில் வெட்டினேன், அது நின்றது. முன்பக்கம் எடை கூடிப்போனதால் பேட்டரியை இறக்கைக்குப் பின்னால் தள்ளி, இரண்டு விரல்மேல் வைத்துப் பார்த்து எடையைச் சமப்படுத்தினோம்.

ஸ்பிரேயரில் இல்லாத ஒரு விஷயம் இதில் இருந்தது. டேங்குக்குக் காற்று மூடி வழியாகப் போவதில்லை. சைலன்சரில் ஒரு சின்னப் பித்தளை மூக்கு. அதிலிருந்து டேங்குக்கு ஒரு ரப்பர் டியூப். புகையே போய் எண்ணெயைத் தள்ளிக் கொடுக்கும். மூக்கின் துளை ஊசி நுழையும் அளவுதான். யாரோ நன்றாக யோசித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எரிபொருள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும். மெத்தனாலை மைத்துனன் மதுரையில் வாங்கி வந்தான். விளக்கெண்ணெய் உள்ளூர் செக்கில். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெஞ்சில் கட்டி எஞ்சினை ஓட விட்டபோது தெரு முழுக்க விளக்கெண்ணெய் வாடை. டேங்க் காலியாகும் வரை நிற்காமல் ஓடியது. எதிர்ப்பக்கம் டீக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "சின்ன வயசுல பேதிக்குக் குடிச்சத மறந்திருந்தேன், ஞாபகப்படுத்திட்டீக" என்றார். அதுவரை இந்த வேலையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்த என் மனைவியும் வாசலுக்கு வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்தபின் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் பூஜை. கடையிலிருந்த ஸ்பானர் முதல் சுத்தியல் வரை எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினேன். விமானத்தில் டேங்கைக் கழுவி, சைலன்சர் மூக்கிலிருந்து டியூபைக் கழற்றித் தொங்கவிட்டு, அதையும் நடுவில் வைத்தேன். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். விமானத்துக்கு முகப்பில், இரண்டு இறக்கையில், வாலில் வைத்தாள். பிறகு குனிந்து சைலன்சருக்கு ஒன்று தாராளமாகவே வைத்தாள்.

"சுடுற எடமாச்சே, சந்தனம் குளிர்ச்சி" என்றாள்.

அது என் காதில் விழுந்தது. நான் அப்போது கற்பூரத்தை மெத்தனால் கேனிலிருந்து தள்ளி வைக்கும் கவலையில் இருந்தேன்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை யாரும் தொடுவதில்லை. விஜயதசமி காலையில் தொட்டு வேலையைத் தொடங்கினால் நல்லது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நாங்களும் தொடவில்லை. காலையில் துணியால் மேலோட்டமாகத் துடைத்து, டியூபை மூக்கில் சொருகி, சுருளிப்பட்டிக்குக் கொண்டுபோனோம். நான் சொருகினேன். என் கையால்தான் சொருகினேன்.

தோட்டத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் களம், அதற்கு அப்பால் அறுப்பு முடிந்த வயல். மாமனார் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். மம்பட்டியோடு வந்து வரப்பில் நின்றார். விமானத்தைப் பார்க்கவில்லை, மடையைப் பார்ப்பது போல நின்றார்.

முன்விசிறியை இரண்டாவது முறை தட்டியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. களத்தில் ஓடி, கடைசி நேரத்தில் எழும்பி, தென்னைக்கு மேலே போய்த் திரும்பியது. நான் கை தட்டிவிட்டேன், உண்மையைச் சொன்னால் என்ன. மைத்துனன் ஒரு பெரிய வட்டம் போட்டான். இரண்டாவது வட்டத்தில் என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து அப்பாவைக் காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே விமானத்தின் கூடவே வரப்பில் நடந்து, ஒரு காலை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டார். காலை எடுக்கவும் இல்லை.

அப்போது எஞ்சின் சத்தம் கூர்மையாகி நின்றுபோனது. மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும். மைத்துனன் வயலுக்குத் திருப்பப் பார்த்தான். உயரம் போதவில்லை. திராட்சைப் பந்தலின் கம்பியில் இறக்கை மாட்டி, மீதி பந்தலைத் தாங்கும் கல்தூணில் மோதியது. ஒட்டுவதற்கு மிஞ்சியது எதுவுமில்லை.

சாயங்காலம் கடையில் எஞ்சினைத் தனியாகக் கழற்றினேன். அடிபடாமல் இருந்தது. டியூபை உருவினேன். பித்தளை மூக்குக்குள் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம், நுனியில் ஒரு துளி சிவப்பு. குத்தூசியால் குத்தினேன், கட்டியாக உதிர்ந்தது. டேங்குக்குப் புகை போகவில்லை, எண்ணெய் இறங்கவில்லை. தினம் நாலு பேரிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்க அன்று ஆளில்லை.

மைத்துனன் பின்னாலேயே வந்து நின்றான். "என்னாச்சு மச்சான்?"

உள்ளே அவன் அக்கா அழுது முடித்து, அடுப்பில் அவனுக்குப் பிடித்த குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்டியைக் காலால் தேய்த்துவிட்டேன்.

"நாந்தேன் மாப்ள. டியூப்ப மடிச்சு மாட்டிட்டேன்."

"மதுரையில எங்கயாச்சும் குடுத்திருக்கணும். ஸ்பிரேயர் கடையில குடுத்தது என் புத்தி" என்றான். அந்தச் சொல் எனக்கு வலித்தது. இன்னும்கூடச் சமயத்தில் வலிக்கும். சந்தனத்தைக் காட்டியிருந்தால் என் தொழில் மானம் மிஞ்சியிருக்கும். அக்கா முகத்தில் அவனும் விழிக்க முடியாமல், அவன் முகத்தில் அவளும் விழிக்க முடியாமல் போயிருக்கும். அவன் ஊரில் இருக்கப்போவதோ நாலு நாள்.

தேனி பஸ் ஸ்டாண்டில் அவனை வழியனுப்பப் போனோம். மாமனார் பெட்டியைத் தானே தூக்கி மேலே ஏற்றினார். இறங்கி வந்து மகனிடம், "நல்லாத்தேன் போச்சு. எறங்கத்தேன் பழகல" என்றார். அவன் தலையை ஆட்டினான். பஸ் கிளம்பும்போது என்னைப் பார்த்தும் ஆட்டினான், ஆனால் கொஞ்சம் கம்மியாக. எஞ்சினை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

அது கடை அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பின் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், கிண்ணம் வருவதற்கு முன்னால், ஓட்டை உள்ள சாமான் எல்லாவற்றிலும் துணித்திரி அடைத்து வைத்துவிடுவேன். தூசி போகாமல் இருக்க என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வருடம் அந்த எஞ்சினுக்குப் பொட்டு வைக்கும்போது அவள் சொன்னாள்: "அன்னைக்கு நான் பொட்டு வச்சதுனாலதேன் அம்புட்டு நேரமாச்சும் பறந்துச்சு. எங்கய்யாவும் பாத்தாக. நீங்க மாட்டுன லட்சணத்துக்குக் களத்த விட்டே கெளம்பியிருக்காது."

"ஆமா" என்றேன். அவள் சைலன்சர் பக்கம் குனிந்தாள். நான் கையை நீட்டி, மூக்கிலிருந்த திரியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினேன்.