ஸ்டெல்லா அக்காவின் பிரேக்கில் எண்ணெய்

இல்லை. அந்த எண்ணெயை ஸ்டெல்லா அக்கா போடவில்லை.

அக்கா இறந்த செய்தி எனக்கும் நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அலுவலகத்தில் ஒரு சரக்குப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூளையில் ரத்தக்கசிவு. வயது முப்பத்தெட்டு. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நடுவில் ஜெயராஜ் அண்ணாச்சி எழுதியிருந்தார்: "நம்ம எண்ணெ ஸ்டெல்லா போயிட்டாளே." அன்பாகத்தான் எழுதினார். அழுதுகொண்டே எழுதியிருப்பார். ஆனால் அந்தப் பெயர் அக்காவோடு கல்லறைக்குப் போகக்கூடாது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வாசிக்க ஏதாவது எழுதித் தா என்றீர்கள். இதுதான் என்னிடம் இருக்கிறது.

அக்காவும் நானும் ஒரே வளவில் குடியிருந்தோம், எதிரெதிர் வாசலில். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். நான் ஆலந்தலையிலிருந்து வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. டிஸ்க் பிரேக் வைத்த பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். பிரேக்கைப் பிடித்தால் அலறும். துறைமுகச் சாலை டீக்கடையில் நிற்கிற அத்தனை தலையும் திரும்பும். மூன்றாம் நாளிலிருந்து கடைக்கு முன்பே இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். வீடு வரைக்கும்.

"ஏளா, நீ சைக்கிள ஓட்டுதியா, சைக்கிள் ஒன்னைய ஓட்டுதா?" வாசலில் நின்று கேட்டார்.

"கத்துதுக்கா. எல்லாரும் பாக்காங்க."

"கத்துத பிரேக்கு நல்லது. கத்தாத பிரேக்குதான் கள்ளன். கொண்டா இங்கன."

வேலையிடத்தில் செய்வதைப் போலவே கையுறை மாட்டிக்கொண்டார். சக்கரத்தின் நடுவிலிருக்கும் வட்டத் தகட்டை, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. வேறு பஞ்சு. வெள்ளையாக வரும்வரை. தகட்டை இருபுறமும் கவ்வுகிற சின்னக் கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தார். அவற்றைப் பேடு என்றார். நான் தகட்டைத் தொடப்போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"ஊசி போட எடத்தத் தொடைச்சப்புறம் வெரல வைப்பியாளா?"

அழுக்கைச் சொல்கிறார் என்று நினைத்தேன். விரலின் எண்ணெய்ப் பசையைச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

பிறகு என்னைச் சாலைக்கு அனுப்பினார். "வேகமா போயி மெதுவாப் பிடி. நிக்காத. நிக்கப்போற மாதிரி போயி விட்டுரு. இருபது தடவ." இருபது முறை செய்தேன். சத்தம் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை என்னை உங்களிடம் அழைத்துவந்தார்.

இனி எண்ணெய்.

ஆலந்தலையில் எங்கள் வீட்டில் இரும்பு என்றால் எண்ணெய். உப்புக்காற்று எதையும் விடாது. பூட்டு, கத்திரிக்கோல், சன்னல் கொக்கி, அப்பாவின் வள்ளத்து எஞ்சின். துடைத்தபின் எண்ணெய் போடாவிட்டால் துடைத்ததாகவே கணக்கில்லை. அக்கா என் சைக்கிளைத் துடைத்துவிட்டு எண்ணெய் போடவில்லை. மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு நன்றியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவர் வேலையிலிருந்து வந்து படுத்திருந்தார். அவருடைய சைக்கிளைத் துடைத்து, இரண்டு தகட்டுக்கும் தேங்காய் எண்ணெய் பூசினேன். பளபளத்தது. என் சைக்கிளுக்கும் பூச நினைத்தேன். பாட்டில் காலி.

மறுநாள் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உப்பளத் திருப்பத்தில் டிராக்டர் குறுக்கே வந்தது. எல்லோரும் பிடித்தோம். என் பிரேக் பிடித்தது. அக்காவின் சைக்கிள் நிற்கவில்லை, கத்தவும் இல்லை. ஹேண்டிலை ஒடித்து உப்புப் பாத்திக்குள் விழுந்தார். முழங்கை உரிந்து, அதில் உப்புத்தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

ஜெயராஜ் அண்ணாச்சி, நீங்கள்தான் தகட்டைத் தொட்டு விரலை மோந்து பார்த்தீர்கள். "ஏலே, இங்க வாங்கல! தேங்காண்ணெ! பிரேக்கயே தாளிச்சு வச்சிருக்கு! யாரு பாத்த வேலளா இது?"

அக்கா என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"நாந்தான் அண்ணாச்சி. கதவுக்குப் போட்டேன், அப்படியே இதுக்கும் போட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட முடியாது.

அதுவரை சனிக்கிழமைகளில் உங்கள் சைக்கிள்களை அவர்தான் பழுதுபார்த்தார். கேரியரில் ஒரு பச்சைப் பெட்டி: ஸ்பிரிட், பஞ்சு, உப்புத்தாள், திருகிகள். "குடுக்காதீங்கல, பொரிச்சிருவா" என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கொடுக்கவில்லை. பெட்டி மட்டும் வாராவாரம் வந்தது. திறக்கப்படாமல் திரும்பியது.

விழுந்த அன்று மாலை எதிர்வாசலுக்குப் போய் நின்று அழுதேன். அவர் முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு நுனியைப் பல்லால் இழுத்து.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"ஒன்னையப் பாத்துச் சிரிச்சா நீ அடுத்த வாரம் வரமாட்ட. என்னையப் பாத்துச் சிரிச்சா நான் வருவேன்லா."

"நான் அவங்ககிட்ட சொல்லிருதேன்."

"சொல்லு. ஒனக்கே சிரிப்பு வரும்லா, அன்னைக்குச் சொல்லு. அழுதுக்கிட்டுச் சொல்லாத, அசிங்கமா இருக்கும்." பிறகு, "அந்த நுனியப் பிடிளா."

அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரத் தொடங்கி வெகுநாளாகிறது. ஆனாலும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது வசதியாக இருந்தது. ஒருமுறைகூட அவர் நினைவூட்டவில்லை. எண்ணெய்ப் பேச்சு வரும்போதெல்லாம் உங்களோடு சேர்ந்து சிரித்தார். புதுப் பேடுகளைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டார். என் சைக்கிள் கத்தினால், கூப்பிடாமலே பஞ்சோடு வந்தார்.

பெரிய வார்த்தைகள் அவருக்குப் பிடிக்காது. ஆகவே கணக்காகச் சொல்கிறேன். அன்று என் பெயர் வெளியே வந்திருந்தால் நான் சைக்கிளை விற்றுவிட்டு பஸ்ஸில் போயிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். இறங்கித் தள்ளுகிற ஆள் நான். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும், கடலோடு ஒட்டிய அந்தச் சாலையும், உங்கள் அத்தனை பேரும் எனக்கு அவர் தந்தவை. அவை என்னிடம் இருக்கின்றன. எண்ணெயும் என்னுடையது. அதை இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று மாலை எதிர்வாசலில் அவருடைய தங்கை ரோஸ்லின் நின்றாள். ஒரு மாதம் உப்புக்காற்றில் சும்மா நின்ற அக்காவின் சைக்கிளை வளவுக்குள் ஓட்டிப் பார்த்தாளாம். கையில் ஒரு கிண்ணம்.

"ரொம்பக் கத்துதுக்கா. லேசா எண்ணெ போட்டுப் பாக்கட்டா?"

"போடாத!" என்றேன். அலறிவிட்டேன் போலிருக்கிறது. கிண்ணம் தளும்பியது. பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். முதலில் சொன்னது அவளிடம்தான்.

பச்சைப் பெட்டியைத் திறந்தோம். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். பேடுகளை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். கடற்கரைச் சாலையில் இருபது முறை நிற்காமல் பிடித்து விட்டேன். இருபத்தோராம் முறை முழுதாகப் பிடித்தேன். நின்றது. சைக்கிளை ரோஸ்லினிடம் கொடுத்தேன். பெட்டியைக் கேட்டு வாங்கி, என் கேரியரில் கட்டினேன்.