சின்ன பிளைண்டும் விருத்தாசலத்து வெயிலும்

விருத்தாசலத்துக்கு நான் போனது கோயிலுக்காக இல்லை, சீட்டாட்டத்துக்காக. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டாதீர்கள். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக இணையத்தில் லிமிட் ஹோல்டெம் என்கிற போக்கர் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். மற்ற இடங்களில் ஜெயிப்பதையெல்லாம் பிளைண்டில் உட்காரும்போது விட்டுவிடுவேன். பிளைண்ட் என்றால், சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடவேண்டிய பந்தயம்; சின்னதுக்கு ஒன்று, பெரியதுக்கு இரண்டு. மைத்துனர் திருச்சியில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "அந்த ஓட்டைய அடைக்க முடியுதான்னு கடைசியா பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினேன். மனைவி இட்லி மட்டும் கட்டிக்கொடுத்தாள்.

தாம்பரத்தில் காலை ரயில். விழுப்புரம் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது பத்து மணி வெயிலே மண்டையைப் பிளந்தது.

"பீங்கான் சாமான் வாங்கவா சார்? கடைத்தெருவுக்கு முப்பது ரூபா குடுங்க" என்றார் ஆட்டோக்காரர். இருபதுக்குப் பேசலாம் என்று ரயிலில் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பேசத் தெம்பில்லை.

ஜாகீர் பாய் எனக்கு இணையத்தில் பழக்கம். துபாயில் வேலை பார்த்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றவர், இப்போது பீங்கான் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு கடை விடுமுறை. பின்கட்டில் வைக்கோல் சுற்றிய பொம்மைகளுக்கு நடுவே பாய் விரித்திருந்தார். சில்லுகளுக்குப் பதிலாக, ஹீட்டர் கம்பியில் கோர்க்கும் வெள்ளைப் பீங்கான் மணிகள், சூளையில் கழித்துப்போட்டவை. மூன்றாவது ஆள் செந்தில், கம்மாபுரம் பக்கம், செல்போன் கடைக்காரர். மூன்று பேர் ஆடினால் பிளைண்ட் அடிக்கடி வரும். அதற்காகத்தானே வந்தேன்!

ஆரம்பத்தில் வழக்கம்போல அடி. சின்ன பிளைண்டில் நான் ஒரு மணி போட்டிருந்தேன், கையில் ராஜாவும் நாலும். ஜாகீர் பந்தயத்தை நாலு மணிகளாக ஏற்றினார். நான் மேலும் மூன்று போட்டுச் சேர்ந்து, தோற்றேன்.

"அத ஏன் சார் ஆடுனீங்க?" என்றார் செந்தில்.

"ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சே."

"போட்டது இனிமே உங்களுது இல்ல சார். எங்க நெலத்த சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. எங்கண்ணன் இன்னும் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வராரு. என் கொல்லை, என் கொல்லைங்கறாரு. அங்க பள்ளம்தான் இருக்குது."

 ஜாகீர் சீட்டைக் கலைத்தார். "சின்ன பிளைண்ட்லன்னா திருப்பி ஏத்துங்க, இல்லன்னா சீட்ட வச்சிடுங்க. சும்மா சேராதீங்க. பெரிய பிளைண்ட்ல பயந்து ஓடாதீங்க, அங்க ரெண்டு மணிதான் சேக்கணும், நடுவுல ஏழு கெடக்குது" என்றார்.

அவர் வீட்டிலிருந்து வந்த பிரியாணிக்குப் பிறகு அப்படியே ஆடினேன். பெரிய பிளைண்டில் ஒன்பதும் ஏழும் ஒரே ஜாதியில் வந்தது. ஓடவில்லை. நடுவில் விரித்த சீட்டுகளிலும் ஒரு ஒன்பது வந்து ஜோடி சேர்ந்தது. முதலில் சும்மா இருந்து, ஜாகீர் போட்டதும் ஏற்றினேன். அவர் சீட்டை வைத்துவிட்டு, "பரவால்லியே, இதுக்கா ரயிலேறி வந்தீங்க?" என்று சிரித்தார். சாயங்காலம் என் முன்னால்தான் மணிகள் அதிகம். சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை, அலுப்புதான் வந்தது.

போகிறவர்களுக்கு: வெயில் காலத்தில் வேண்டாம். பொம்மை வாங்கினால் தட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். திரும்புவதற்கு ரயிலை நம்பாதீர்கள், உளுந்தூர்பேட்டை வழியாக பஸ் இருக்கிறது. சின்ன பிளைண்டில் சும்மா சேராதீர்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன். "திருச்சி வேலைக்கு வரேன்னு உன் அண்ணன்கிட்ட சொல்லிடு."

"தோத்துட்டீங்களா?"

"இல்ல. இத்தன நாள்ல இன்னிக்கித்தான் நல்லா ஆடினேன்."

"அப்புறம் ஏன்?"

"ரெண்டு வருஷத்தப் போட்டுட்டோமேன்னுதான் இவ்ளோ நாள் எழுந்திரிக்காம இருந்தேன்."

 "சாப்டீங்களா?" என்றாள். அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.