உறைந்த எண்ணெயும் ஓடிய படகும்

மேடையேறிப் பேசக் கற்ற நாள்முதல் நான் பலரைப் புகழ்ந்திருக்கிறேன். கேட்டோர் கைதட்டினர்; புகழப்பட்டோர் மாலையைச் சரிசெய்துகொண்டனர். மேடை ஏறாத ஒருவரைப் பற்றி எழுதவே இன்று உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் அக்கா.

கல்லூரிச் சொற்போர்களில் வென்ற களிப்போடு விடுமுறைக்கு நான் தேங்காய்ப்பட்டணம் செல்வேன். அங்கே வீட்டை ஒட்டிய காயலில் அத்தானின் மோட்டார்ப் படகு கிடக்கும். உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துப் போட்ட லாரி ஒன்றின் இஞ்சினை நாட்டுப் படகில் பொருத்தி, ஆட்களையும் தேங்காயையும் அவர் அக்கரை சேர்த்துவந்தார். சுக்கான் பிடித்தவர் அத்தான். இஞ்சினைக் காத்தவள் அக்கா. அதைப் பொருத்த வந்த மெக்கானிக்கின் கைகளை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தே கற்றுக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியம் படகு ஓடாது. பழைய புடவையொன்றை விரித்து, கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே வைப்பாள். நீர் உறிஞ்சும் குழாயில் சிக்கிய பாசியைத் தென்னை ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பாள். நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் தண்டு ஒரு பித்தளைத் தாங்கியில் இருந்தது. அதன் மேல் ஒரு சிறு கிண்ணம். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மிஷின் எண்ணெய்தான் தண்டைச் சூடேறாமல் காத்தது. அதையும் நிரப்பிய பிறகே கை கழுவுவாள். தொடக்கம், நடு, முடிவு என்று நான் பேச்சுக்குத் தேடிய ஒழுங்கு அந்தப் புடவையின் மேல் கிடந்தது.

ஓராண்டு மார்கழியில் படகு விடியற்காலைகளில் நடுக்காயலில் நிற்கத் தொடங்கியது. தண்டு இறுகிப் புகை வரும். மதியம் பிரித்துப் பார்த்தால் பம்பரம்போல் சுற்றும். அழைத்து வந்த மெக்கானிக்கும் குறையில்லை என்று போய்விட்டார். புதுக்கடைச் சந்தைக்குப் போவோர் பழையபடி கழி ஊன்றும் தோணிக்கே திரும்பினர். இன்னொரு முறை நின்றால் படகை விற்றுவிடுவதென்று அத்தான் முடிவு செய்தார். அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

தை முதல் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அக்கரை சேர்க்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் மாமா வந்தார்.

"நடு வெள்ளத்துல நிண்ணுபோச்சுண்ணா மாப்பிளய நீந்தவா சொல்லுவேரு?" என்று அத்தானைக் கேட்டார்.

அத்தான் வாய் திறக்குமுன் நான் எழுந்தேன். மனிதன் துடுப்பிலிருந்து இஞ்சினுக்கு வந்த வரலாற்றை அடுக்கிச் சொன்னேன். என் பேச்சுகளில் அது சிறந்த ஒன்று என்றே இன்றும் எண்ணுகிறேன். அவர் இசைந்து போனார்.

அக்கா சிரித்தாள். "லேய் தம்பி, ஒனக்க பேச்சு அக்கரை சேந்தாச்சு. இனி எனக்க படகு சேரணும்."

மறுநாள் விடியலில் தலைவார எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை; குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்திருந்தது. புட்டியையே சற்றுநேரம் பார்த்தவள், அவிழ்ந்த கூந்தலோடு படகுக்கு ஓடினாள். தாங்கிக் கிண்ணத்தைத் திறந்து விரலை விட்டாள். நெய்போல் வெள்ளையாக வந்தது. முகர்ந்தாள்.

"இதுல தேங்கெண்ணெ ஊத்தினீயளா?"

"கொறஞ்சப்பல்லாம் கொஞ்சம் ஊத்தினேன்," என்றார் அத்தான். "நல்ல செக்கெண்ணெயாக்கும் ஏட்டி! தலையில வைக்கோம், கறியில ஊத்துகோம். இதுக்கு மட்டும் ஆவாதா?"

"ஒங்க தலையில உறைஞ்சா கேடில்ல. இதுல உறைஞ்சா மாப்பிள நிக்கணும்."

எல்லாம் விளங்கியது. விடியலில் உறையும் எண்ணெய் சொட்டாது. தண்டு காய்ந்து இறுகும். வெயில் ஏறினால் அதுவே உருகி, திங்கள் மதியம் அவள் திறக்கும்போது மற்ற எண்ணெயோடு கலந்து தெளிந்திருக்கும். குறையைக் குறை நிகழ்ந்த வேளையில் தேட வேண்டும் என்று அவளுக்கு ஒரு புட்டி சொல்லியது. அதைக் கேட்கும் செவி அவளுக்கு இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, கிண்ணத்தையும் குழாயையும் மண்ணெண்ணெயால் கழுவி, புதிய மிஷின் எண்ணெய் நிரப்பினாள்.

முகூர்த்த நாளின் விடியலும் குளிர்ந்தே இருந்தது. நாதசுரக்காரர் முன்னால் அமர, மாப்பிள்ளை நடுவில் அமர, பட்டுப்புடவை உடுத்திய அக்கா பின்புறம் பலகையை நீக்கித் தாங்கி சூடேறுகிறதா என்று அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கை அசையவில்லை. படகும் நிற்கவில்லை.

அக்கரையில் எல்லாரும் இறங்கிய பின் மாமா என் தோளைத் தட்டி, "சொன்னபடி சேத்துட்டேரே!" என்றார்.

"சேர்த்தவள் பின்னால் இருக்கிறாள்," என்றேன்.

அக்கா எண்ணெய் படிந்த உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள். குளிர்ந்திருந்தது.