கழுவி வைத்த மூன்று பியர் டின்கள்

மாலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் சந்தின் அடியில் குப்பை வண்டி வந்து நிற்கும். அதன் பியானோ மெட்டு இரண்டு நிமிடம் ஒலிக்கும், போனால் போகிறதென்று சில நாள் மூன்று நிமிடம். அதற்குள் பையைக் கையோடு கொண்டுபோய் வண்டிக்குள் எறிய வேண்டும். முன்னாலேயே இறக்கித் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது. தைவானின் கீலுங் நகரத்தில் யாரும் இதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. நான்காவது மாடி யுன்-ரூவுக்கு மட்டும் அதுதான் நாளின் பெரிய வேலை.

மாடிப்படியும் சந்துப்படியும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு. எட்டு மாத டோடோவைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், மூன்றரை வயது மியென்மியென் நானும் வருவேன் என்று பின்னாலேயே வருவாள். மழையில் ஊறிய படியில் அவள் கையைப் பிடிக்க யுன்-ரூவுக்கு இன்னொரு கை இல்லை. இருவரையும் உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு ஓடினால், திரும்பி வரும்வரை காதில் அவர்கள் அழுகைதான். அழாதபோதும் அது கேட்டது. வாரத்தில் மூன்று நாள் வண்டியைத் தவறவிட்டாள். பால்கனியில் டயப்பர் பைகள் சேர்ந்துகொண்டே போயின.

முன்பு துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எந்தக் கொள்கலன் எந்தக் கப்பலில் என்று மனப்பாடமாகச் சொல்வாளாம். இப்போது குளித்தோமா இல்லையா என்பதே மறந்துபோகிறது என்று என்னிடம் சொன்னாள். கணவன் ஷாவ்-வெய் தைச்சுங் நகரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் இருந்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவான்.

பிப்ரவரியில் தெற்கே யுன்லினிலிருந்து மாமியார் தொலைபேசியில் அழைத்தார்.

"தினமும் கடைச் சாப்பாட்டு டப்பாதானாமே, யுன்-ரூ?"

"யார் அத்தை சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. ஏழு மணி வரைக்கும் குழந்தைக்கு டிவியாமே? பால்கனியில குப்பையாமே? உன்னைக் குத்தம் சொல்லலம்மா. ரெண்டு பிள்ளையை உன்னால பார்த்துக்க முடியல. ஏப்ரல்ல கல்லறைத் திருநாளுக்கு வரேன், போகும்போது மியென்மியெனைக் கூட்டிட்டுப் போறேன். சின்னவன் நடக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

சின்னவன் நடக்கிற வரைக்கும் என்றால் எவ்வளவு காலம் என்று யுன்-ரூவுக்குத் தெரியும். அவளையும் அப்படித்தான் கிராமத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவளுக்கு ஏழு வயது. தன் அம்மாவையே வேற்றாளைப் போல "நீங்க" என்று கூப்பிட்டாள்.

ஏப்ரலுக்கு ஏழு வாரம் இருந்தது. அதற்குள் வீட்டைச் சரிசெய்வதைவிட, மாமியாரிடம் சொல்வது யார் என்று கண்டுபிடிப்பதே அவளுக்கு முக்கியமாகப் பட்டது. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டாள். நான் மூன்றாவது மாடி, வெளிநாட்டிலிருந்து வந்தவள், அதிகம் பேசாதவள், படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பவள். "அமைதியா இருக்கிறவங்க எல்லாத்தையும் கேட்டுட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள் பிற்பாடு. என் சீன மொழியைக் கேட்டபின் என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாளாம். மாமியாரிடம் கோள் சொல்லும் அளவுக்கு அது வேகமாக இல்லையாம்.

மிஞ்சியது இரண்டாவது மாடி ஜியாங் அக்கா.

ஜியாங் அக்காவுக்கு ஐம்பது இருக்கும். தனி ஆள். பள்ளிச் சமையலறையில் வேலை, மூன்று மணிக்கு வீடு. சனிக்கிழமைகளில் சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு மறுசுழற்சித் தொண்டுக்குப் போவார். சீனப் புத்தாண்டுக்கு வந்த மாமியாரும் அவரும் படியில் நின்று அரைமணி நேரம் தைவான் பேச்சில் பேசியதையும், இருவரும் கைபேசியை எடுத்து எண்களை மாற்றிக்கொண்டதையும் யுன்-ரூ பார்த்திருந்தாள். இருவருக்கும் ஒரே ஊர்ப்பக்கம்.

அதற்குமேல் ஒரு செவ்வாய்க்கிழமை. வண்டியைத் தவறவிட்ட யுன்-ரூ மறுசுழற்சிப் பையைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, அழுத டோடோவுக்காக மேலே ஓடினாள். திரும்பி வந்தபோது ஜியாங் அக்காவின் கை முழங்கை வரை அந்தப் பைக்குள் இருந்தது. கையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா.

"எண்ணெயோட போட்டிருக்கே. எடுக்க மாட்டாங்க" என்றார், நிமிராமலே.

அன்றிலிருந்து யுன்-ரூ டப்பாக்களைக் கத்தரியால் நறுக்கி டயப்பருக்குள் சுருட்டி வைத்தாள். சாஸ் பொட்டலம், நூடுல்ஸ் உறை என்று கடைப் பெயர் இருந்த எதையும் பையின் வெளிப்பக்கம் தெரிய விடவில்லை. குழந்தைகள் தூங்கும் ஒரு மணி நேரமும் இதிலேயே போனது. பகலில் ஜன்னல் திரையை மூடி வைத்தாள். டோடோ அழுதால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அப்படியும் மார்ச்சில் மாமியார் கேட்டார்: "பகல்லயே திரை போட்டிருக்கியாமே?"

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூன்று பியர் வாங்கினாள். வீட்டில் யாரும் பியர் குடிப்பதில்லை. திறந்து மூன்றையும் சமையலறைத் தொட்டியில் கொட்டினாள், வாடை பிள்ளைகளுக்கு ஆகாதென்று டின்களைக் கழுவினாள். பையின் மேலாக, பெயர் வெளியே தெரியும்படி வைத்துக் கீழ்ப்படியில் விட்டாள். மாமியார் பியரைப் பற்றிக் கேட்டால் சொன்னது ஜியாங் அக்காதான்.

இரவு ஷாவ்-வெய் அழைத்தபோது அவனிடம் மட்டும் சொன்னாள்.

"தொட்டியில கொட்டிட்டியா? மூணையுமா?" அவன் சிரித்தான். "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"சிரிக்காதே. இந்தத் தடவை ஜியாங் அக்கா மாட்டுவாங்க."

"நீ கொஞ்சம் தூங்கு, யுன்-ரூ."

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு மாமியார் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது, யுன்-ரூவுக்கு அதுதான் உறைத்தது.

"பியராமே, யுன்-ரூ? காசு குடுத்து வாங்கிட்டு வந்து தொட்டியில கொட்டுறியாமே? நல்லா இருக்கிறவ செய்யிற வேலையா அது? நான் திருநாள் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். வர்ற வாரமே வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போறேன்."

பியர் என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எதையும் அவள் நின்று யோசிக்கவில்லை. டோடோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மியென்மியெனை இழுத்துக்கொண்டு, இரண்டு மாடி இறங்கிக் கதவைத் தட்டினாள்.

"என் குழந்தையை என்கிட்டேயிருந்து பிரிக்கிறதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?"

ஜியாங் அக்கா கையில் கரண்டியோடு நின்றார். "என்ன ஒளறுறே?"

"அத்தைகிட்ட பியர் விஷயத்தைச் சொன்னது நீங்கதானே!"

"பியரா?" அவர் உள்ளே போய் மூன்று டின்களையும் எடுத்துவந்து வாசல் அலமாரிமேல் வரிசையாக வைத்தார். "இதுவா? குடிக்கிறவ டின்னை நசுக்குவா. இப்படிச் சோப்புப் போட்டுக் கழுவி வைக்க மாட்டா. யாருக்கோ பொறி வைக்கிறேன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. எலி நான்தான்னு இப்பத்தான் தெரியுது."

"உங்க போன்ல அத்தை இருக்காங்க. நான் பார்த்தேன்."

"இருக்கா. இந்தா, நீயே பாரு."

கைபேசியை நீட்டினார். யுன்-ரூ விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தாமரைப் படம், காலை வணக்கம். பதிலுக்குத் தாமரைப் படம், காலை வணக்கம். இரண்டு மாதமாகத் தாமரை மட்டுமே.

"என்ன ஒரு அழகான வேவு" என்றார் ஜியாங் அக்கா. "சரி, அந்தம்மா என்னதான் சொன்னா? ஒண்ணு விடாம சொல்லு."

"பியர் வாங்கினேன்னு. அதைத் தொட்டியில கொட்…"

யுன்-ரூ நிறுத்தினாள்.

"கொட்டினியா?" என்றார் ஜியாங் அக்கா. "அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தது காலி டின்."

கீழே மெட்டு ஒலிக்கத் தொடங்கியது. இருவரும் அசையவில்லை. கொட்டியது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். கடைச் சாப்பாடு, டிவி, திரை, பால்கனி. எல்லாவற்றையும் இரவில் அவனிடம்தான் புலம்பியிருந்தாள். ஜியாங் அக்கா டோடோவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டி, "போய்ப் பேசு" என்றார். யுன்-ரூ கொடுக்கவில்லை. பிள்ளையோடு படியிலேயே உட்கார்ந்து கணவனை அழைத்தாள்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

இயந்திரச் சத்தம் தள்ளிப் போனது; அவன் எங்கோ ஒதுங்கி நின்றான்.

"உன்னைப் போட்டுக் குடுக்கல. நீ கஷ்டப்படுறேன்னு சொன்னேன். வேற யார்கிட்ட சொல்றது? எனக்கும் பயமா இருந்துது."

"பயமா இருந்தா லீவு போட்டுட்டு வந்திருக்கணும்."

அவள் கத்தவில்லை. ஐந்து வாரமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டான். ஒருவனிடம் சொன்னால் அப்படியே யுன்லின் போய்ச் சேருகிறது என்பதும் தெரிந்துவிட்டது. சரக்கு அலுவலகத்தில் இருந்தவளுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவதென்று தெரியும்.

"இன்னும் ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். "மியென்மியெனை யாராவது கூட்டிட்டுப் போக வந்தா, நானும் ரெண்டு பிள்ளையையும் தூக்கிட்டு அதே ரயில்ல ஏறிடுவேன். யுன்லின்லயே இருந்துப்பேன். அத்தை எனக்கும் சேர்த்துச் சமைக்கட்டும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மாமியாரின் அழைப்பு வந்தது. குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்றார். திருநாளுக்குத் தானே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். யாரும் எதுவும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஷாவ்-வெய் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அவனிடம் அவள் சமையலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசினாள்.

அவன் திரும்பிப் போன திங்கட்கிழமை, ஆறே முக்காலுக்கு ஜியாங் அக்கா நான்காவது மாடிக்கு ஏறி வந்தார். "குடு" என்று கையை நீட்டினார். யுன்-ரூ அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். மெட்டு தொடங்கிவிட்டது. டோடோவைக் கொடுத்துவிட்டு இரண்டு கையிலும் பையோடு ஓடினாள்.

வண்டியருகே நான் நின்றிருந்தேன். பையை எறிந்த கையோடு அவள் மழையில் தலையை உயர்த்தி நான்காவது மாடி ஜன்னலைப் பார்த்தாள். திரை திறந்திருந்தது. அங்கே ஜியாங் அக்கா டோடோவின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மியென்மியென் கண்ணாடியில் மூக்கை அழுத்தியிருந்தாள். யுன்-ரூ கை காட்டவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். நான் மூன்றாவது மாடியை அடைந்தபோது மேலிருந்து ஜியாங் அக்காவின் குரல் கேட்டது.

"எண்ணிப் பாத்துக்கோ. உன் பிள்ளைக்குப் பத்து விரலும் இருக்கு."

யுன்-ரூ எண்ணிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.