மூக்கு மேடம் நிறுத்தி வைத்த தண்ணீர்

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அவள் 'மூக்கு மேடம்'. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் அவளே போனை எடுத்து, "மூக்கு மேடந்தான் பேசறேன், சொல்லுங்க" என்றதும் எல்லோருக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று.

பட்டம் சும்மா வந்ததல்ல. கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை கிராம்பை மென்றுகொண்டு வந்து உட்கார்ந்தார். கிராம்புக்குப் பின்னால் சிகரெட் ஒளிந்திருப்பதை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிட்டாள். "அத விட்டா கட்டிக்கறேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். விட்டுவிட்டார். கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் அந்த மனிதர் இன்றைக்கும், "எங்க வீட்ல ஒண்ணையும் மறைச்சு வெக்க முடியாதுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

ஊருக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. கருவிகள் ஒரு மேசை நிறைய உண்டு. ஆனாலும் காலையில் முதல் காரியமாக, அணையிலிருந்து வந்த தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, சூடாக்கி, குலுக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு டீ.

இரண்டு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. எழுபது அடி நிற்க வேண்டிய அணை ஒன்பது அடிக்கு இறங்கியது. அணைக்குள் நிற்கும் கோபுரத்தில் மேல், நடு, அடி என்று மூன்று மதகுகள். மேல் இரண்டும் வெயிலில் காய்ந்து தொங்க, அடி மதகு வழியாக வருகிற கலங்கலைத்தான் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, ஆறு நாளைக்கு ஒருமுறை ஊருக்கு விட்டார்கள். சலூனில் ஆளுக்கு அரைக் குவளைத் தண்ணீர்தான். தலை கழுவிவிடுகிற பேச்சே கிடையாது.

பிறகு மலைப்பக்கம் கொட்டித் தீர்த்தது. நான்கே நாளில் அணை நாற்பத்தோரு அடி. ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தது. வந்த கையோடு, "அதான் தண்ணி வந்துடுச்சே, ஏன் குழாய்ல வரல?" என்று கேட்கவும் ஆரம்பித்தது. மறுநாள் காலை திறந்துவிடுவதாக மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார் இன்ஜினியர்.

அந்தக் காலையில் மூக்கு மேடம் குடுவையைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். புதுவெள்ளத்தில் மண்வாசனை வருவது இயல்பு. இதில் அதற்கும் கீழே அழுகல் நாற்றமும், பழைய இரும்பின் நெடியும் இருந்தன. குடுவையோடு இன்ஜினியர் அறைக்கு நடந்தாள்.

"சார், இத ஊருக்கு விடக்கூடாது."

"ஏன் மேடம்? சுத்திகரிச்ச தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கே?"

"பாக்க அப்படித்தான் இருக்கும். இது புதுத் தண்ணியே இல்ல சார். ரெண்டு வருஷமா அடியில கெடந்த சேறு கலங்கி, அடி மதகு வழியா வருது. மாங்கனீசு எக்கச்சக்கமா இருக்கும். குளோரின் பட்டதும் குழாய்க்குள்ள கருப்பாப் படியும். ஊர்க் குழாய் பூரா ஒரு தடவ கருத்துச்சுன்னா, கழுவி விடவே ஒரு மாசத் தண்ணி வேணும்."

"ரிப்போர்ட் இருக்கா?"

"மாதிரிய லேபுக்கு அனுப்பறேன், சாயங்காலம் வந்துடும்."

"அப்போ இப்ப எதை வெச்சுச் சொல்றீங்க?"

அவள் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். இன்ஜினியர் குடுவையை வாங்கி முகர்ந்தார். அவருக்கு ஒரு வாரமாக ஜலதோஷம். குடுவையில் பெட்ரோல் இருந்தாலும் தெரிந்திருக்காது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

சுத்திகரித்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். "அப்ப ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்."

இன்ஜினியர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டம்ளரை மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் நிறுத்தறேன். அதுக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது" என்றபடி போனை எடுத்தார்.

செய்தி கடைத்தெருவுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சலூனில், ஒரு கன்னம் நுரையும் ஒரு கன்னம் வழுவழுப்புமாக உட்கார்ந்திருந்த மளிகைக்கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்து முறைத்தார்.

"ஏம்ப்பா, அணை நெறைய தண்ணிய வெச்சுக்கிட்டு உன் சம்சாரம் ஊர வாட்டுதாமே?"

சலூன்காரர் கத்தியை நிறுத்தினார். "அண்ணே, பதினெட்டு வருஷத்துல எங்க வீட்ல அவ மூக்கு ஒருவாட்டிகூடத் தப்பினதில்ல. நான் எதிர்த்துப் பேசித் தோத்ததுதான் மிச்சம். நீங்களும் வேணா பேசிப் பாருங்க."

"கத்திய எடுத்துட்டுப் பேசுப்பா" என்றார் மளிகைக்கடைக்காரர். கடையே சிரித்தது.

அவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக்கிடந்தது. ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிட்டால் இனிமேல் இந்த நிலையத்தில் யார் தன்னை மதிப்பார்கள்? உண்மையிலேயே நாறியதா, அல்லது நாறும் என்று எதிர்பார்த்து முகர்ந்தோமா? இன்னொரு முறை குடுவையைத் திறந்து பார்க்கக் கை போயிற்று. வேண்டாம் என்று எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய குடுவைகளையெல்லாம் மறுபடி கழுவினாள்.

நாலரை மணிக்கு முடிவு வந்தது. மாங்கனீசு, இருக்கலாம் என்கிற அளவைப்போல ஐந்து மடங்கு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

ரிப்போர்ட்டைப் படித்த இன்ஜினியர், "சரி மேடம், வழி?" என்றார்.

"நடு மதகு சார். இப்ப அதுவும் தண்ணிக்குள்ள முங்கிடுச்சு. மேலாக நிக்கறது நல்ல புதுத் தண்ணி. அங்கேருந்து எடுத்தா பிரச்சினை இல்ல."

நடு மதகோ இரண்டு வருடம் வெயிலில் காய்ந்து துருவேறிக் கிடந்தது. மறுநாள் காலை, எந்நேரமும் இடுப்பில் ஸ்பேனர் செருகியிருப்பதால் 'ஸ்பேனர் அண்ணன்' ஆகிவிட்ட மெக்கானிக், இரண்டு ஆட்களோடு படகில் கோபுரத்துக்குப் போனார். மாதிரி எடுக்கும் பாட்டில்களோடு அவளும் ஏறிக்கொண்டாள்.

மதகைத் தூக்கும் சக்கரம் இம்மியும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள், கிரீஸ் தடவினார்கள், மூன்று பேரும் தொங்கிப் பார்த்தார்கள். ஒருவன் பெரிய சுத்தியலைத் தூக்கினான்.

"டேய், வெய்யிடா கீழ! தண்டு முறிஞ்சா அப்புறம் மழை பெஞ்சும் பட்டினிதான்" என்று அதட்டினார் ஸ்பேனர் அண்ணன். அவளிடம் திரும்பி, "தங்கச்சி, நேரமாகும். ஊர் திட்டுமே, பரவாயில்லையா?" என்றார்.

"நேத்திலேருந்து திட்டிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க நிதானமாவே செய்யுங்கண்ணே."

கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று குழந்தையைத் தாஜா பண்ணுவதுபோல் அசைத்துக்கொண்டே இருந்தார். மதியம் இரண்டு மணிக்கு மதகு காது கிழிகிற மாதிரி கிறீச்சிட்டு ஒரு விரல் அளவு உயர்ந்தது. பிறகு ஒரு சாண். குழாயில் உறுமலோடு தண்ணீர் இறங்கும் சத்தம் காலடியில் அதிர, ஸ்பேனர் அண்ணன் நனைந்த சட்டையோடு அங்கேயே மல்லாந்து படுத்துவிட்டார்.

முதல் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மாதிரி எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். குடுவையைத் திறந்ததும் நனைந்த மண், புல், இலை. அவ்வளவுதான். இந்த முறை ரிப்போர்ட் வருகிறவரை டீ குடித்துக்கொண்டு காத்திருக்க முடிந்தது.

அடுத்த நாள் காலை குழாய்களில் தண்ணீர் வந்தது. தினமும் தருவதாக யாரும் அள்ளிவிடவில்லை. அணை அறுபது அடி தொடும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்று இன்ஜினியர் கறாராக அறிவித்துவிட்டார். ஆறு நாளைக்கு ஒருமுறை பிடித்துப் பழகியவர்களுக்கு அதுவே யோகம். பக்கத்து வீட்டுக்காரி நிரம்பிய குடத்தோடு மதில் மேலாக எட்டிப்பார்த்து, "அக்கா, தண்ணியில ஒரு வாசனையும் இல்லையே. இதுக்கா ரெண்டு நாள் நிறுத்துனீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டாள்.

"ஆமாம்மா, இதுக்குத்தான்" என்றாள் அவள்.

அன்று அவளுக்கு விடுப்பு. மளிகைக்கடைக்காரருக்குத் தலை கழுவிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்த கணவர், மாடியில் அவளோடு சேர்ந்து இரண்டு வருட அழுக்குப் போர்வைகளை ஒவ்வொன்றாக அலசினார். ஒரு நுனியை அவரும் மறு நுனியை அவளுமாகப் பிடித்து முறுக்க, அவர் வேண்டுமென்றே உதறி அவள் மேல் தெறிக்கவிட்டார். "வயசாச்சு, வெளையாட்டப் பாரு" என்று அவள் வாயால் கடிந்துகொண்டு, பக்கெட்டிலிருந்து ஒரு கை அள்ளினாள்.