வெள்ளிக்கிழமை போணி

என் பர்கர் வண்டியில், இரும்புக்கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதில் பழைய பால் டின் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். மேலும் கீழும் மூடியை வெட்டியெடுத்து, கை கிழிக்காமல் விளிம்பைத் தட்டி மழுக்கிய வெறும் வளையம் அது. துரு ஏறாமலிருக்க வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். வாங்க வருகிற இளசுகள், "என்னக்கா இது, அலங்காரமா?" என்று கேட்கும். "எங்க அத்தை" என்பேன். விளங்காமல் சிரித்துவிட்டுப் போகும். போகட்டும், ஒவ்வொருவருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தால் கல்லில் இருப்பது கருகிவிடும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான வருஷமே புருஷனை விட்டுவிட்டு, சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குத் திரும்பி வந்துவிட்டவர். ஏன் என்று யாராவது துருவினால், "அவன் சரியில்ல, வந்துட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அம்மாவும் அவரும் ஒரே நிரை ரப்பர் மரங்களில் பால் வெட்டினார்கள். விடியுமுன் மரத்துக்குப் போக வேண்டும் என்பதால் எல்லாருக்கும் காலைப் பசியாறல் கட்டுவது அத்தையின் பொறுப்பு. முதல்நாள் அவித்த மரவள்ளிக்கிழங்கை நார் எடுத்து மசித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் பொரித்த நெத்திலியும் போட்டுப் பிசைந்து, அந்தப் பால் டின் வளையத்துக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். வட்டமாக விழுவதைக் கல்லில் போட்டு இரு பக்கமும் சிவக்க விடுவார். மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் வாங்கிய ரொட்டியில் இரண்டு துண்டுக்கு நடுவே அதை வைத்து வாழை இலையில் சுற்றிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் திறந்தால் வாழை இலை வாசமும் மிளகாய் வாசமுமாக மூக்கைத் துளைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் நெத்திலி கிடையாது. எங்கள் லயத்தில் வெள்ளிக்கிழமை யார் வீட்டிலும் கவிச்சி அடுப்பேறாது.

பிறகு ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. நாங்கள் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடியில் ஒண்டிக்கொண்டோம். அம்மாவும் அப்பாவும் போனபின் அத்தை என்னோடு இருந்தார். நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? பர்கர் வண்டி போடப்போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "மூணு மாசம் பாப்போம். ஓடலேன்னா வித்துட்டு பேசாம இரு" என்றார். பேசாமல் இருப்பது எனக்கு எப்போதாவது வந்திருக்கிறதா? அந்த வண்டி ஓடியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. "பர்கர் கடைன்னா மாட்டுக்கறி லா. நம்ம சாமி கும்புடுற வீடு புள்ள" என்றார். கோழி மட்டும்தான் போடுவேன் என்று சொன்னேன். "சரி, இந்தக் கல்லுல முன்னால என்ன சுட்டாங்க?" வண்டியைப் பழசாகத்தான் வாங்கியிருந்தேன். நான் துணியை எடுத்துக் கல்லைத் துடைக்கப் போனேன். அத்தைக்கு அது போதும். "கடை தெறக்குற அன்னிக்கு வாரேன், கும்புட்டு நல்லாருன்னு சொல்றேன். ஆனா செத்தாலும் இதுல சுட்டத வாயில வைக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். புளியும் மணலும் போட்டுக் கை எரியத் தேய்த்தேன், எலுமிச்சை தேய்த்தேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் போணி அத்தை கையால் ஆகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருந்தேன். அழுகையாக வந்தது.

கோயில் ஐயரிடம் நாள் குறித்தோம். வளர்பிறை, நல்ல நட்சத்திரம், வெள்ளிக்கிழமை மாலை. கேட்டவர்கள் எல்லாம், "வெள்ளிக்கிழமையா, லட்சுமி வாற நாளு!" என்று மெச்சினார்கள். பெட்டி பெட்டியாகக் கோழி வாங்கி ஐஸில் வைத்தேன். அன்று மாலை அடுக்குமாடியின் கீழே சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பட்டுச்சேலையும் வேட்டியுமாகக் கூடிவிட்டார்கள். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சைப்பழம் நசுக்கி, அடுப்பைப் பற்றவைத்தேன். "மொதல்ல யாருக்கு?" என்று கரண்டியோடு நின்றேன். யாரும் அசையவில்லை. மாமா ஒருவர்தான் தயங்கித் தயங்கி, "சைவம் இல்லியாம்மா? இன்னிக்கு வெள்ளிக்கெழம லா" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அடக் கடவுளே! நானே காலையிலிருந்து விரதம்! கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் கோயில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல் பவ்யமாக நின்றார்கள். சூடம் காட்டிய அடுப்பைப் போணி ஆகாமல் அணைத்தால் கடை விளங்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எனக்கும் அதுதான் நம்பிக்கை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார். மூன்று மாதமெல்லாம் எதற்கு, இன்றைக்கே முடிந்தது என்று நினைத்தேன்.

"நாள் பாத்தியே, கெழமை பாத்தியாடி, கூறுகெட்டவளே!" அத்தையின் குரல். முணுமுணுத்துக்கொண்டே மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் தேத்தண்ணிக்கு அவித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்குச் சட்டி, மறு கையில் அந்தப் பால் டின். தோட்டத்திலிருந்து அதைக் கொண்டுவந்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. என்னை இடித்துத் தள்ளிவிட்டு, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிசைந்து, வட்டம் வட்டமாக அழுத்தினார். பிறகு கல்லைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் அந்தக் கை ஏன் நின்றது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நெருப்புக்கு ஏது தீட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ணெயை ஊற்றினார்.

வெந்த முதல் வட்டத்தை ரொட்டிக்குள் வைத்து என் கையில் கொடுத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்திவிட்டு, "இப்ப என்கிட்ட குடு" என்றார். கொடுத்தேன். எல்லார் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். மென்று விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி" என்றார். பிசைந்ததே அவர்தான்! அதன்பின் நீண்ட வரிசையில் சட்டி காலியானது.

அத்தை அதற்குப் பிறகு என் வண்டியில் ஒருநாளும் எதையும் தொடவில்லை. எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். "போணி ஆயிருச்சில்ல? அப்புறம் என்ன?" என்பார். சாகும்வரை அப்படித்தான். தன் சத்தியத்தை எனக்காக ஒரே ஒரு தடவை விழுங்கினார், அவ்வளவுதான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கிழங்கு பர்கர் மட்டும்தான் போடுகிறேன். சீனரும் மலாய்க்காரரும்கூட அதைக் கேட்டு வருகிறார்கள். போன வெள்ளிக்கிழமை, பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா, நெற்றி நிறையத் திருநீறோடு வண்டிக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தார்.

"இதுல மாடு எதுவும் சுட்டதில்லியே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு முன்னால இருந்தவங்க சுட்டிருக்காங்கக்கா" என்றேன். "ஆனா எங்க அத்தை இதுல சாப்புட்டிருக்காங்க."

எந்த அத்தை, யார் அத்தை என்று அவர் கேட்கவில்லை. கல்லிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அப்ப ஒண்ணு குடு" என்றார். நான் ஆணியிலிருந்து பால் டின்னை எடுத்தேன்.