நின்றால் கட்டம், நடந்தால் கோணி

அன்று கடையில் இருந்தவர்கள் நாலு பேர். நான். காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி செல்லம்மா. பேண்டு மாஸ்டர் மாதப்பன். அவருடைய பேண்டில் பெரிய டிரம் அடிக்கிற கெம்பன். சுவரில் மகாராஜா படம் இருந்தது. அவரையும் சேர்த்தால் ஐந்து. ஆனால் அவர் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார்.

ஏன் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன்? நாளைக்கு யாராவது வந்து, 'அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தீர்கள்?' என்று கேட்டால் நான் குளறக் கூடாதே... கேட்கப் போவது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே இருப்பது என் சுபாவம். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. போன வாரம் ஒரு பொத்தானை நினைத்து ஒரு பக்கம் கவலைப்பட்டவன்தானே நான்!

விஷயத்துக்கு வருகிறேன்.

மைசூரில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர். பேர் வேண்டாம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அவருடைய கணக்குப்பிள்ளைக்குத் தெரியும் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது... சரி, ஆரம்பித்தாகிவிட்டது.

அவர் வீட்டில் போன மாதம் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை ரயிலடியிலிருந்து பெண் வீட்டு வாசல் வரைக்கும், தோல் பை வைத்த பேக்பைப் ஊதி அழைத்து வருவது மாதப்பனின் பேண்டு. ஆறு பேர். ஆறு பேரும் கட்டம் போட்ட கில்ட் கட்டுவார்கள். தெருப் பிள்ளைகளுக்கு அது 'பாவாடை பேண்டு'.

குதிரைப் பந்தயத்தில் எவனோ ஒரு துரை மண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறான் — ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு பெரிய குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு கட்டம் உண்டு என்று. அவ்வளவுதான். நம் வீட்டுக்கும் ஒன்று வேண்டாமா? கொள்ளேகாலுக்கு ஆள் அனுப்பி, தறி போட்டு நெய்து வாங்கிவிட்டார். அரக்கும் மஞ்சளும், நடுவில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகாகவே இருந்தது.

ஆனால் கில்ட் என்பது துணியைத் தின்கிற உடுப்பு. முன்பக்கம் தட்டையாக இருக்கும். பின்பக்கம் முழுக்கக் கொசுவம், மடிப்பு மடிப்பாக. ஒரு மடிப்பில் வெளியே தெரிவது ஒரு பங்கு என்றால் உள்ளே ஒளிந்திருப்பது இரண்டு பங்கு. ஆறு பேருக்கு முப்பது கஜம் வேண்டும். மண்டிக்காரர் கொடுத்தனுப்பியது பதினாறு. கூடவே ஒரு வார்த்தையும் வந்தது — "அட்ஜஸ்ட் மாடி!" எப்படியாவது சரிக்கட்டிக்கொள் என்று அர்த்தம்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கழித்தல் கணக்கு ஆரம்பித்த வாரம் நின்றேன். ஆனாலும் முப்பதில் பதினாறு போனால் மிச்சம் என் தலைவலி என்பது தெரியும்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறோம். மடிப்பின் உள்பக்கத்துக்கு மட்டும் மலிவுத் துணியை ஒட்டுப் போட்டுவிடுவது. அதைத்தான் மாதப்பனிடம் சொன்னேன்.

"உள்ள என்ன துணி வெச்சாலும் ஆருக்கும் தெரியாதுங்களா?" என்றார்.

"நின்னாத் தெரியாதுங்ண்ணா. நடந்தா, கால் வீச்சுக்கு மடிப்பு விரியும். அப்பப் பளிச்சுனு தெரியும். பழைய வேட்டி இருந்தாக் குடுங்க, சாயத்துல முக்கிப் போட்டுடறேன்."

மாதப்பன் கெம்பனைப் பார்த்தார். கெம்பன் வெளியே போய் எதையோ கட்டாகத் தூக்கி வந்து வெட்டுப் பலகையில் போட்டான். ஆறு கோணி. அரிசி மூட்டைக் கோணி. ஒவ்வொன்றிலும் நீல மசியில் மண்டிக்காரரின் யானை மார்க்.

"இத வைங்க டெய்லருங்க" என்றார் மாதப்பன்.

கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தேன். ஏனென்றால் அந்தக் கோணிகளின் கதை எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் முன்னால் அதே வீட்டில் நிச்சயதார்த்தம். அன்றும் மாதப்பன்தான் ஊதினார். வாசல் வரைக்கும் பேண்டு முன்னால் வரும். வாசலில் அப்படியே ஒதுங்கி, பக்கத்துச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போய்விடும். அதுதான் வழக்கம். ஊதுகிற பை தோல், அடிக்கிற டிரம் தோல், உள்ளே ஆகாது என்பார்கள். அன்றைக்குக் கூடத்தில் கச்சேரி நடந்தது. மிருதங்கம் வாசித்தார்கள். அது எதனால் செய்தது என்று யாராவது கேட்டார்களா?

நானும் கேட்கவில்லை. நான் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பின்சந்தில் தூறல். ஆறு பேருக்கும் ஆறு கோணி விரித்துச் சோறு போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு எழுந்ததும் கணக்குப்பிள்ளை வந்து, "கோணிய நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்கப்பா, இனி அது உள்ள ஆகாது" என்று சொல்லிவிட்டார். அந்த ஆறுதான் இது.

எனக்கும் மாதப்பனுக்கும் ஒரே ஊர், ராமாபுரம். அங்கே அவர் தெரு வேறு, என் தெரு வேறு. ஊரில் அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டிருக்க முடியாது. மைசூரில் கூப்பிடுகிறேன். அவ்வளவு தூரம்தான் நான் வந்திருக்கிறேன்.

"எதுக்குங்ண்ணா வம்பு?" என்றேன்.

மாதப்பன் கோபப்படுகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "யுத்தத்துல எனக்கு ஊதக் கத்துக்குடுத்த சார்ஜெண்ட் ஒருத்தருங்க. அவிய ஊர்ல இந்தக் கட்டத்துக்கு டார்ட்டன்னு பேருங்களாமா. ஒரு வூட்டுக் கட்டத்தப் போட்டிருந்தா அந்த வூட்டு ஆளுன்னு அர்த்தம். கூட உக்காந்து திங்கலாம், ஆரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்களாமா. நானும் இருவது வருசமா ஆரு ஆரு கட்டத்தையோ போட்டு ஊதிட்டனுங்க. ஒரு வூட்லயும் வாசப்படி தாண்டுல. ஒருக்கா உள்ள போயி, பந்தியில, எலை முன்னால உக்காரோணும். சோத்துக்கு இல்லீங். சோறு எங்கூட்லயும் இருக்குது."

கெம்பனுக்கு அமைதி ஆகாது. "தசராவுல மகாராஜா ஆனெ மேல போறாரு. நமக்கு ஆனெ பின்னாடி வரட்டும், பிடு டெய்லரே, பயத்த விடு!" என்று சிரித்தான்.

மண்டிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாளிலிருந்து எனக்கு ஒரு தலையணை உறைகூடத் தைக்க வராது. வாடகை? சாப்பாடு? நான் இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் செல்லம்மா காஜாவைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

"ஏனுங், உங்களுக்கு நடுங்குதுன்னாத் தள்ளி உக்காருங்க. கோணி நான் வெட்டறேன். நீங்க மிசினை மட்டும் மிதிங்க. கால் நடுங்கினா அது இன்னும் வேகமா ஓடுமுங்க!"

ஓடியது. கோணியை ஊறவைத்துத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கினோம். அப்படியும் மூன்று ஊசி ஒடிந்தது. மடிப்புகளுக்கெல்லாம் வெறும் கோணி. யானையை மட்டும் நடு மடிப்பில் வைத்தேன், முதுகுக்கு நேர் கீழே, ஆளுக்கு ஒரு யானை. அது யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது. ஏன் செய்தேன்? இன்றுவரை தெரியவில்லை. பயந்தவன் வேலை சுத்தமாக இருக்கும். கோணல் விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்தே தைக்கிறோம் இல்லையா!

கல்யாணத்தன்று எனக்கு வயிற்று வலி. நிஜமாகவே வலித்தது. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். செல்லம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள்.

நாலு மணி இருக்கும். ரயிலடிப் பக்கமிருந்து பேக்பைப் சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளித்தான் போகிறார்கள். கதவைத் திறந்து இருபது அடி நடந்தால் பார்த்துவிடலாம். நான் கைவிரலால் மேஜையில் அவர்கள் அடியை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த அடிக்கு விரியும்... இந்த அடிக்கு மூடும்... சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது.

இனிமேல் சொல்வதெல்லாம் செல்லம்மா பார்த்தது.

மண்டிக்காரர் வாசலில் மாலையோடு நிற்கிறார். கில்ட்டுக்கு முன்பக்கம் மடிப்பே கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் வீட்டு அரக்கும் மஞ்சளும் ஜம்மென்று தன்னை நோக்கி வருவதுதான். பூரித்துப் போய் நிற்கிறார். பின்னால் வருகிற சம்பந்தி வீட்டாருக்கு? ரயிலடியிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஆறு கோணி, ஆறு யானை! சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்களாம். சிலர் பொத்தவில்லையாம்.

வாசலுக்கு வந்ததும் பேண்டு ஒதுங்கவில்லை. அப்படியே நின்றது.

கணக்குப்பிள்ளை ஓடி வந்தார். "ஆயித்து மாதப்பா, ஆயித்து. பின்சந்துக்கு நட, சாப்பாடு வரும்."

"போறமுங்க. நடந்தாத் தெரியுதுங்களே?"

"என்னடா தெரியுது?"

மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருவர், பசியோடு வந்தவர்போல. அவர்தான் சொன்னாராம்: "உங்க வீட்டு ஆனெ தெரியுது சாமி! ரயிலடியிலேர்ந்து அதப் பாத்துட்டேதான் வர்றோம்!"

மாதப்பன் மெல்லத் திரும்பி, மண்டிக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைத்தார். யானை வந்தது. காலைச் சேர்த்தார். யானை போயிற்று. அவ்வளவுதான்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "போட்டிருக்கிற கட்டமும் உங்களுது, உக்காந்த கோணியும் உங்களுதுங்க. இங்கிருந்து பின்சந்துக்கு இந்தச் சொவரு நீளம் நடக்கோணும். எல்லாரும் பாப்பாங்க. முன்வாசல் வழியா உள்ள வந்து உக்காந்துட்டமுன்னா கட்டம் மட்டுந்தான் தெரியும். எப்படிங்க போகட்டும்? நீங்களே சொல்லுங்க."

மண்டிக்காரர் முகம் அரக்குக் கலருக்குப் போய்விட்டது என்றாள் செல்லம்மா. தாய்மாமன்தான், "உள்ள விடுங்க சாமி, கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குப் பசிக்குது" என்றாராம். மண்டிக்காரர் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார். வா என்று சொல்லவில்லை. நகர்ந்தார்.

ஆறு பேரும் முன்வாசல் வழியாகப் போனார்கள். கூடத்தில், பந்தியின் கடைக்கோடியில், தூண் ஓரமாக உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் இருந்த சிலர் இலையை விட்டு எழுந்து போனார்கள். கில்ட்டோடு சம்மணம் போட்டால் பின்மடிப்பெல்லாம் விரிந்து தரையில் படியும். ஆகவே உள்ளே போயும் அவர்கள் உட்கார்ந்தது கோணியின் மேல்தான். தைக்கும்போது இதை நான் யோசிக்கவே இல்லை.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. பொரியல், அப்பளம் எல்லாம் வந்தது. பாயச வாளி மட்டும் தூணுக்கு நாலு இலை முன்னாலேயே திரும்பிவிட்டதாம்.

அந்த மாதத்தில் மாதப்பனுக்குப் பேசி வைத்திருந்த மூன்று கல்யாணமும் கைவிட்டுப் போயிற்று. பெங்களூரில் பேண்டுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று போன வியாழக்கிழமை கிளம்பிவிட்டார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தபோது ஆறு பேரும் வேட்டியில் இருந்தார்கள். கில்ட்டெல்லாம் தகரப் பெட்டிக்குள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணா, ஒரே ஒரு தடவை... அதைக் கட்டிட்டு இந்தத் தெருக்கோடி வரைக்கும் நடந்து காட்டுவீங்களா? நான் பாக்கவே இல்லீங்ளே."

மாதப்பன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "அன்னிக்கு நீங்க வந்திருக்கோணும் டெய்லருங்க" என்றார். குத்திச் சொல்லவில்லை. அதுதான் குத்துகிறது.

படி இறங்கியவர் திரும்பினார். "ஏனுங், நிச்சயத்தன்னிக்கு நீங்க உள்ள சாப்பிட்டீங்களே... பாயசம் எப்படிங்க இருந்துச்சு?"

எவ்வளவோ யோசித்தேன். சேமியாவா, கடலைப்பருப்பா? வெல்லமா, சர்க்கரையா? நினைவில் ஒன்றும் இல்லை. இலையைப் பார்த்துக்கூடச் சாப்பிடவில்லை போலிருக்கிறது நான். "நல்லாத்தான் இருந்துச்சுங்ண்ணா" என்று சொல்லிவைத்தேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். முக்கு திரும்பும்வரை அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வெள்ளை வேட்டி. காற்றில் ஆடின, அவ்வளவுதான்.

இப்போது எங்கே டிரம் சத்தம் கேட்டாலும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். ஏதாவது பள்ளிக்கூடத்து டிரில்லாக இருக்கும்.

கில்ட் தைத்த கூலி மண்டிக்காரர் வீட்டிலிருந்து வரவில்லை. அவர்களும் கூப்பிட்டுத் திட்டவில்லை. திட்டினால் எதற்கென்று சொல்ல வேண்டும் அல்லவா? நானும் கேட்கவில்லை. 'போய்க் கேளுங்க' என்கிறாள் செல்லம்மா. 'உங்களுக்கென்ன, முன்வாசல் வழியாவே போலாமே!'

போகவில்லை. ஆறு கில்ட், ஒன்றுக்கு மூன்று ரூபாய். பாக்கி பதினெட்டு ரூபாய்.